தார்ப்பாய்க் கயிறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

4 மி.மீ. பாராகார்டில்தான் (பாராசூட் கயிறு வகை) தார்ப்பாயைக் கட்டுகிறேன். 250 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஆனாலும் இரவு மழை பெய்தால் விடிவதற்குள் பாய் தொங்கிப்போகிறது. இன்னும் தடிமனாக வாங்கட்டுமா?

வேண்டாம். தடித்த கயிறு பையில் இடத்தைத்தான் அடைக்கும். 250 கிலோ இழுப்பு வருவதற்கு வெகு முன்பே முளை மண்ணைவிட்டுக் கிளம்பியிருக்கும், இல்லையென்றால் மூலைத் தையல் பிரிந்திருக்கும். அறுந்துபோய்த் தொல்லை கொடுக்கும் கயிறு அபூர்வம். நீண்டுபோய்த் தொல்லை கொடுப்பதுதான் அதிகம். பாராகார்டு நைலானில் செய்தது. நைலான் தண்ணீரைக் குடிக்கும், நனைந்தால் இன்னும் நெகிழும், இழுத்துக் கட்டினால் ரப்பர்போலக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

2 முதல் 2.5 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு வாங்குங்கள். தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சாது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். எடையைக் குறைக்க நினைப்பவர்கள் உள்ளே டைனீமா (மிக வலுவான, எடை குறைந்த செயற்கை இழை), மேலே பாலியெஸ்டர் உறை போட்ட கயிற்றை 2 மி.மீ. தடிமனில் வாங்கலாம், நீட்சி அநேகமாக இல்லை, விலைதான் கூடுதல். உறையில்லாத வெறும் டைனீமாவைத் தவிர்த்துவிடுங்கள். வழவழவென்று இருப்பதால் முடிச்சு நழுவும். குளிரில் இறுக்கும்போது விரலையும் அறுக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள்: பாயின் துணியே சிலிகான் பூசிய நைலானாக இருந்தால் அதுவும் நனைந்து தளரும். அப்போது கயிற்றை மட்டும் மாற்றினால் பாதித் தொய்வுதான் போகும். மழை தொடங்கி அரை மணி நேரம் கழித்து ஒரு சுற்று வந்து இறுக்கிவிட்டுப் படுங்கள்.

3 × 3 மீட்டர் பாய்க்கு மொத்தம் எவ்வளவு கயிறு வேண்டும்?

நான்கு மூலைக்கும் தலா 2.5 மீட்டர், நான்கு விளிம்பின் நடுவுக்கும் தலா 1.5 மீட்டர், இரண்டு மரங்களுக்கு இடையே கட்டும் முகட்டுக் கயிறுக்கு 10 மீட்டர். கூட்டினால் 26 வரும். 30 மீட்டராக வாங்கிவிடுங்கள். வெட்டிய நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி உருக்கினால் பிரியாது. டைனீமா உள்ளீடு இருந்தால், அதை 1 செ.மீ. வெளியே இழுத்து வெட்டிவிட்டு உறையை மட்டும் உருக்குங்கள்.

நழுவு முடிச்சு (கயிற்றில் நகர்த்தி இறுக்கும் முடிச்சு) போட்டால் புதுக் கயிற்றில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பழைய பருத்திக் கயிற்றில் நன்றாக நின்றதே?

அந்த முடிச்சு நிற்பதே கயிறும் கயிறும் உரசும் பிடிப்பால்தான். மெல்லிய, வழுக்கும் கயிற்றில் உராய்வு குறைவு. எனவே சுற்றுகளைக் கூட்ட வேண்டும். கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, நுனியைத் தாய்க்கயிற்றின் (பாயிலிருந்து முளைக்கு வரும் பகுதி) மேல் கண்ணிக்குள்ளாகவே, முளைப் பக்கம் நோக்கிச் சுற்றுங்கள். வழக்கமாக இரண்டு சுற்று. இந்தக் கயிற்றுக்கு மூன்று. பிறகு நுனியைக் கண்ணிக்கு வெளியே பாய்ப் பக்கம் கொண்டுபோய், அதே திசையில் இன்னொரு சுற்றுப் போட்டு, அந்தச் சுற்றுக்கு அடியிலேயே செருகி இழுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிய வேண்டும். முடிச்சைக் கையால் நன்றாகக் கெட்டிப்படுத்திய பிறகுதான் நகர்த்தி இறுக்க வேண்டும். பலர் விடுகிற இடம் இதுதான்: தளர்வான முடிச்சில் பாரம் ஏற்றினால் எந்தக் கயிற்றிலும் நழுவும்.

முடிச்சுக்குப் பதிலாகக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் இறுக்கி வாங்குவதானால், அது எத்தனை மி.மீ. கயிற்றுக்கு என்று பார்த்து வாங்குங்கள். 3 மி.மீ.க்குச் செய்ததில் 1.5 மி.மீ. கயிறு காற்றடிக்கும்போது மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டே போகும்.

காற்று பலமாக அடித்தால் முளைகள் பிடுங்கிக்கொண்டு வருகின்றன. நீளமான முளை வாங்குவதுதான் வழியா?

முதலில் கோணத்தைச் சரிசெய்யுங்கள், அது செலவில்லாதது. பாயின் மூலை தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முளையை 1 மீட்டர் தள்ளி அடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கயிறு 45 பாகையில் நிற்கும். இழுவிசையில் சுமார் 70 சதவீதம் முளையை மேல்நோக்கித் தூக்கும். அதே முளையை 1.75 மீட்டர் தள்ளி அடித்தால் கோணம் 30 பாகையாகும், தூக்கும் விசை 50 சதவீதமாகக் குறையும். மூலைக் கயிறு 2.5 மீட்டர் இருக்கட்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

முளையின் தலை பாயைவிட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். கயிறு தரையோடு ஒட்டிய இடத்தில் பிடிக்கட்டும். முளையின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்து, அதன் உச்சியில் கயிற்றை மாட்டினால் அது நெம்புகோலாகி மண்ணை உடைத்துவிடும்.

மணலில் சாதாரண முளை எதுவும் நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, 30 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே மிதித்துவிடுங்கள். பாறைத் தரையில் கயிற்றைச் சின்னக் கல்லில் கட்டி, அதற்கு முன்னால், பாய்ப் பக்கமாக, பெரிய கல்லைக் கயிற்றின்மேல் வையுங்கள். இழுக்க இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லில் முட்டிக்கொள்ளும். கயிறு கூர்விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகட்டுக் கயிறு எவ்வளவு இழுத்தாலும் நடுவில் கொஞ்சம் தொய்கிறது.

தொய்யத்தான் செய்யும். நனைந்த பாய் நடுவில் 2 கிலோ பாரம் தருகிறது என்று கொள்ளுங்கள். கயிறு இருபுறமும் 5 பாகை சரிந்திருந்தால் அதில் ஏறும் இழுவிசை சுமார் 11 கிலோ. 2 பாகைக்குள் நிறுத்த வேண்டுமானால் 28 கிலோவைத் தாண்டும். முழுக்கக் கிடைமட்டமாக்க எவ்வளவு இழுத்தாலும் போதாது. லாரிக்காரர் முடிச்சு (கயிற்றிலேயே ஒரு கண்ணி போட்டு, அதன் வழியே நுனியை இழுத்து இறுக்குவது) போட்டு ஓரளவு இறுக்கியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். மரத்தைச் சுற்றி 2.5 செ.மீ. அகல நாடா போட்டு அதில் கட்டினால் மரப்பட்டை உரியாது.

அதே கயிற்றின் வழியாக மழைநீர் உள்ளே வந்து சொட்டுகிறது.

பாயின் விளிம்புக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, 10 செ.மீ. பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு பக்கமும் தேவை. தண்ணீர் அந்த நூலில் இறங்கிவிடும்.

காற்றுக்கு ரப்பர் கயிறு சேர்ப்பது நல்லதா?

மழையில் தளரும் பாய்க்கு நல்லது, தானாகவே இறுக்கிக்கொள்ளும். கயிற்றில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கண்ணி போட்டு, இடையில் 15 செ.மீ. ரப்பர் கயிற்றைக் கட்டுங்கள். ரப்பர் நீண்டு முடிந்ததும் கயிறு பாரத்தை ஏற்றுக்கொள்ளும். கயிறில்லாமல் ரப்பரை மட்டும் நம்பினால் பாய் பறக்கும். புயல் காற்றில் இதைக் கழற்றிவிடுவது மேல், ஏனென்றால் விட்டுக்கொடுக்கும் பாய் படபடவென்று அடித்தே தையலைக் கெடுத்துக்கொள்ளும்.

மூலை வளையம் பிய்ந்துவிட்டது. பாயை இனிப் பயன்படுத்த முடியாதா?

தாராளமாக முடியும். உருண்டையான கூழாங்கல்லைத் துணிக்குப் பின்னால் வைத்துச் சுருட்டி, கழுத்தில் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். முனையுள்ள கல் ஆகாது.

பையைத் திறந்தால் எட்டுக் கயிறும் ஒரே சிக்கு!

வட்டமாகச் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறுகிறது, விரிக்கும்போது அதுவே சிக்காகிறது. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே எட்டு வடிவில் சுற்றுங்கள். பாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி 30 செ.மீ. மிச்சம் வையுங்கள். கையிலிருந்து கழற்றி, மிச்சத்தை நடுவில் மூன்று நான்கு முறை இறுகச் சுற்றி, கடைசியில் நுனியை மடித்துக் கண்ணியாகச் செருகுங்கள். நுனியை இழுத்தால் முழுதும் அவிழும். ஈரமாகச் சுருட்டியதை வீட்டுக்கு வந்ததும் பிரித்து உலர்த்துங்கள். கடற்கரையில் கட்டியதாக இருந்தால் நல்ல தண்ணீரில் அலசிய பிறகு உலர்த்துங்கள். உறை பிசிறடித்து உள்நூல் தெரியும் இடம் இருந்தால் அங்கே வெட்டிவிட்டு, மீதியை விளிம்புக் கயிறாக்கிக்கொள்ளலாம்.