சில முடிகள் மட்டும் ஏன் கம்பிபோல் முரடாக வளர்கின்றன?

தலை முழுவதும் மென்மையான முடி. ஆனால் விரலால் கோதும்போது நடுநடுவே ஒன்றிரண்டு மட்டும் விறைப்பாக, மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகின்றன. அவை ஏன் அப்படி வளர்கின்றன, பிடுங்கிவிட்டால் அடுத்த முறை ஒழுங்காக முளைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பிடுங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முடி எந்த வடிவத்தில் வளர வேண்டும் என்பதை அது முளைக்கும் மயிர்க்கால்தான் தீர்மானிக்கிறது. முடியைப் பிடுங்கினாலும் மயிர்க்கால் அதே இடத்தில்தான் இருக்கும். போதாக்குறைக்கு அது காயமும் பட்டிருக்கும்.

நான் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். நுண்ணோக்கியை முதன்முதலாகத் தொடும் மாணவர்களிடம் அவரவர் தலைமுடியையே வைத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம். ஒரே தலையிலிருந்து எடுத்த இரண்டு முடிகள் இவ்வளவு வேறுபடுமா என்று அவர்கள் வியக்காத வகுப்பே இல்லை. என் வகிட்டை ஒட்டியும் நீங்கள் சொல்லும் வகை முடிகள் உண்டு. அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

தோலுக்குக் கீழே சுமார் 4 மில்லிமீட்டர் ஆழத்தில், மயிர்க்காலின் அடியில் ஒரு குமிழ் இருக்கிறது. அங்கே செல்கள் ஓயாமல் பிரிந்து, புதியவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. அந்த ஆழத்தில் முடி என்பது இன்னும் இறுகாத, மிருதுவான செல்களின் திரள்தான். அதைச் சுற்றி உள்வேர் உறை என்னும் குழாய் இருக்கிறது. முடி இறுகுவதற்கு முன்பே இந்த உறை இறுகிவிடும். அச்சில் ஊற்றிய மெழுகைப்போல, முடி அந்தக் குழாயின் வடிவத்தை வாங்கிக்கொண்டுதான் மேலே வருகிறது. வேலை முடிந்ததும் உறை சிதைந்து மறைந்துவிடுவதால் நம் கண்ணுக்கு முடி மட்டும் தெரிகிறது.

இந்த உறைக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. எவ்வளவு சீவினாலும் படியாமல் நாலா பக்கமும் சிலிர்த்து நிற்கும் முடியுடன் மிக அரிதாகச் சில குழந்தைகள் வளர்கிறார்கள். அதற்குக் காரணமான மூன்று மரபணுக்களை 2016-இல் கண்டறிந்தார்கள். அவற்றில் ஒன்று உறைக்கு உறுதி தரும் புரதத்தை உருவாக்குவது. மற்ற இரண்டும் அந்தப் புரதத்தைப் பதப்படுத்தி இறுக்கும் நொதிகளுக்கானவை. உறை சரியாக இறுகாததால் அந்தக் குழந்தைகளின் முடி வட்டமாக இல்லாமல் முக்கோணக் குறுக்குவெட்டுடன், நீளவாக்கில் ஒரு பள்ளத்தோடு வளர்கிறது. உங்களுக்கு அந்த நிலை இருக்கிறது என்று சொல்லவில்லை. அச்சு கோணினால் முடியும் கோணும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நெளிவுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வளைந்த மயிர்க்காலில் குமிழின் இரு பக்கங்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. செம்மறி ஆட்டின் ரோமத்தை ஆராய்ந்தவர்கள், வளைவின் வெளிப்பக்கச் செல்கள் உட்பக்கச் செல்களைவிட நீளமாக இருப்பதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் நீண்டால் இழை மறுபக்கம் வளைந்தாக வேண்டும். இந்த வேறுபாடு நெடுகிலும் சீராக இருந்தால் அழகான சுருட்டை முடி கிடைக்கும். அங்கங்கே மாறினால், இடையில் நசுங்கினால் அல்லது தன் அச்சிலேயே முறுக்கிக்கொண்டால், கை பட்டதும் உறுத்தும் முடி கிடைக்கும்.

சீப்பில் வந்த அப்படியொரு முடியை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து, விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்ல உருட்டுங்கள். சாதாரண முடியில் பளபளப்பு ஒரே கோடாக ஓடும். முரட்டு முடியிலோ ஒளி விட்டுவிட்டு மினுங்கும். தட்டையான இழை முறுக்கிக்கொண்டு போவதால், அகலமான பக்கம் ஒளியை நோக்கித் திரும்பும் இடங்களில் மட்டும் ஒரு மினுக்கு தெரிகிறது. விரலில் மேடு பள்ளமாகப் படுவதும் இதனால்தான். முடியின்மேல் முண்டுகள் இருப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் முண்டு எதுவும் இருக்காது. அகலப் பக்கமும் ஒடுங்கிய பக்கமும் மாறி மாறி விரலுக்கு வருகின்றன, அவ்வளவுதான்.

சரி, கம்பிபோன்ற விறைப்பு எங்கிருந்து வருகிறது? இதில் உடலியலோடு இயற்பியலும் சேர்கிறது. ஓர் இழையை வளைக்கத் தேவையான விசை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். பக்கத்து முடியைவிட 20 சதவீதம் தடித்தாலே விறைப்பு ஏறக்குறைய இரு மடங்கு. விட்டம் இரு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு! தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிடிப்பது கடினம். விரலோ உடனே பிடித்துவிடும். 2013-இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் நடத்திய சோதனையில், ஒரு பரப்பை வருடிப் பார்க்கும் விரலால் ஏறக்குறைய 13 நானோமீட்டர் உயரமுள்ள வரிகளைக்கூட உணர முடிந்தது. முடியைப் போர்த்தியிருக்கும் செதில் ஒவ்வொன்றும் அதைவிடப் பல மடங்கு தடிமன். ஆயிரம் முடிகளுக்கு நடுவே அந்த ஒற்றை முடியை உங்கள் விரல் தேடிப் பிடிப்பதில் வியப்பே இல்லை.

ஏன் எல்லா முடியும் மாறாமல் சில மட்டும் மாறுகின்றன என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். பல விலங்குகளுக்குப் பருவத்துக்குப் பருவம் ரோமம் அலை அலையாக உதிர்ந்து முளைக்கிறது. மனிதத் தலையில் அப்படியில்லை. தலையில் உள்ள சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்களும் தனித்தனிக் கணக்கில் இயங்குகின்றன. ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வளர்கிறது, இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை முடித்துக்கொள்கிறது, ஏறக்குறைய 3 மாதம் ஓய்வெடுத்து உதிர்கிறது. பிறகு அதே மயிர்க்கால் புதிய குமிழை உருவாக்கி மீண்டும் தொடங்குகிறது. உடலில் ஒரு மாற்றம் நேரும்போது, அப்போது புதிதாகத் தொடங்கிய மயிர்க்கால்களில்தான் அது தெளிவாகத் தெரியும். பக்கத்து மயிர்க்கால் இன்னும் சில ஆண்டுகளுக்குப் பழைய வடிவத்தையே நூற்றுக்கொண்டிருக்கலாம். மாற்றம் ஒவ்வொரு முடியாகத்தான் வந்து சேர்கிறது.

அந்த மாற்றங்களில் பொதுவானது வயது. முடிக்கு மினுமினுப்பும் வழுவழுப்பும் தருவது தோலில் சுரக்கும் எண்ணெய். வயது ஏற ஏற, குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, அது குறைகிறது. நரை முடி எல்லாமே முரடாக இருப்பதில்லை. ஆனாலும் ஒரே தலையில் நரைத்தவை கருமுடியைவிடத் தடித்திருப்பதைச் சில ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஹார்மோன்கள் அடுத்த காரணம். பருவ வயதில் நேர்முடி சுருளத் தொடங்குவதும், கர்ப்ப காலத்துக்குப் பின் முடியின் தன்மை மாறுவதும் பலர் அறிந்தவை. தைராய்டு சுரப்பு குறைந்தால் முடி வறண்டு சொரசொரப்பாகும். புற்றுநோய்க்கான கீமோதெரபி முடிந்து முளைக்கும் முடி சிலருக்கு முன்பில்லாத சுருளோடு வருகிறது. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினோயின் வகை மருந்துகளாலும் முடி நெளிவதுண்டு.

இளம் ஆண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். பருவ வயதுக்குப் பிறகு நெற்றியோரத்திலும் உச்சந்தலையிலும் முடி வறண்டு, பளபளப்பிழந்து, நெளிந்து வளரத் தொடங்கினால் அது பரம்பரை வழுக்கையின் முன்னோட்டமாக இருக்கலாம். வைஸ், சல்ஸ்பெர்கர் என்ற இரு மருத்துவர்கள் 1932-லேயே இத்தகைய மாற்றத்தை விவரித்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் தடித்த முடியும் மெலிந்த முடியும் கலந்து கிடப்பதைத் தோல் மருத்துவர்கள் இன்றும் வழுக்கையின் ஆரம்ப அடையாளமாகப் பார்க்கிறார்கள்.

எல்லா முரட்டு முடியும் முரடாகவே முளைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒழுங்காக முளைத்து, பிறகு வெயிலாலும் சாயத்தாலும் சூடான கருவிகளாலும் சீரழிந்தவை ஏராளம். ஈரமான முடியில் சூட்டுக் கருவியை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழிகள் உண்டாகின்றன. பிரித்தறிவது எளிது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. சொரசொரப்பு நுனிப் பக்கம் மட்டும் இருந்து, தோலை ஒட்டிய பகுதி வழுவழுப்பாக இருந்தால் அது வெளியிலிருந்து வந்த சேதம். தோலை ஒட்டிய இடத்திலிருந்தே நெளிவு தொடங்கினால் அது மயிர்க்காலின் வேலை. சந்தேகமிருந்தால் உதிர்ந்த முடியொன்றை ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். இறுகக் கட்டியதால் விழுந்த மடிப்பு ஈரத்தில் தளர்ந்துவிடும். பிறவி நெளிவு அப்படியே இருக்கும்.

இனி பிடுங்குவதைப் பற்றி. பிடுங்கிய முடியின் அடியில் வெண்மையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வேரோடு வந்துவிட்டது என்று பலர் திருப்திப்படுகிறார்கள். அது வேர் அல்ல. ஓய்விலிருந்த முடியென்றால் அடியில் காய்ந்த சிறு வெண்மணி இருக்கும். அந்த முடி எப்படியும் தானே உதிர்ந்திருக்கும். வளர்ந்துகொண்டிருந்த முடியென்றால் நுனி கறுத்து மிருதுவாக இருக்கும், அதற்கு மேலே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிசுபிசுப்பான உறை ஒட்டியிருக்கும். மேலே நான் சொன்ன உள்வேர் உறை அதுதான். முடிக்கு வடிவம் தரும் உறுப்பைப் பிய்த்து எடுத்துவிடுகிறோம். மயிர்க்காலின் மேற்பகுதியில் தங்கியிருக்கும் தண்டுசெல்கள் அதை மறுபடியும் கட்டியெழுப்பும். ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் மயிர்க்கால் கோணிப்போகலாம், தழும்பேறி அடியோடு ஓய்ந்தும் போகலாம். ஆண்டுக்கணக்கில் பிடுங்கப்பட்ட புருவம் பிறகு அடர்த்தியாக வளராமல் போவது இதனால்தான். முரட்டு முடியை ஒழிக்க நினைத்துப் பிடுங்குகிறவர், இன்னொரு முரட்டு முடிக்கே வழி செய்கிறார்.

ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு முளைக்கும் என்பது உண்மையல்ல. ஒரு முடியைப் பிடுங்குவதால் புதிய மயிர்க்கால் உருவாகிவிடுவதில்லை. மழித்தால் தடித்து வளரும் என்பதும் அப்படித்தான். 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியலாளர் அதைச் சோதித்து மறுத்துவிட்டார்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை யோசிக்க வைத்தது. படிக்கும்போதும் யோசிக்கும்போதும் கை தானாகவே அந்த முடிகளைத் தேடிப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். பலருக்கு இருக்கும் பழக்கம் இது, வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், தலையில் இடைவெளி தெரியும் அளவுக்குப் போனால் அதற்கு டிரைக்கோட்டிலோமேனியா என்று பெயர். 1889-இல் ஒரு பிரெஞ்சு தோல் மருத்துவர் வைத்த பெயர் அது. மன உறுதி குறைந்தவர்களுக்கு வருவது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது மருத்துவம் அங்கீகரித்த நிலை, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. கை எப்போது மேலே போகிறது என்பதைக் கவனித்து, அந்த நொடியில் கைக்கு வேறொரு வேலை கொடுக்கும் பயிற்சியை அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் 1973-இல் வகுத்தார்கள். உளவியல் ஆலோசகர்கள் இன்றும் முதலில் அதைத்தான் கற்றுத்தருகிறார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். துருத்தி நிற்கும் முடியைச் சிறு கத்தரிக்கோலால் தோலை ஒட்டி வெட்டிவிடுவேன். மயிர்க்காலுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. வெட்டிய முனை மட்டும் கொஞ்ச நாள் குத்தும். நீளமான முடியென்றால் குளித்தபின் கண்டிஷனரோ ஒரு துளி எண்ணெயோ தடவினால் செதில்கள் படிந்து விரலில் உறுத்துவது குறையும். நெளிவு போகாது, உறுத்தல் போகும். கையின் தேடலைக் குறைக்க அதுவே பெரிய உதவி.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் மருத்துவர் தேவையில்லை. சில மாதங்களுக்குள் தலை முழுவதும் தன்மை மாறினாலோ, முடி தொட்டதும் ஒடிந்தாலோ, மெலிவு, சோர்வு, எடை மாற்றம் போன்றவை கூடவே வந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது, மாற்றம் தெரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட மருந்துகளின் பெயர்களையும், இடையில் கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம் எதுவும் நடந்திருந்தால் அதன் தேதியையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தோலுக்குக் கீழே நடந்தது வெளியே தெரியக் காலம் பிடிக்கும் என்பதால் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.