மேல் தட்டு எலிக்கு மட்டும் ஏன் கண்ணு போச்சு? – இந்த வாரக் கேள்வி பதில்

வந்த கேள்வில முக்காவாசி செல்போன் வெளிச்சம் பத்திதான், அதுக்கு கடைசியா வர்றேன், எனக்குப் பிடிச்ச கேள்வி முதல்ல.

கே: லேப்ல வெள்ளை எலி வளர்க்கிறோம். ஒரே ரூம், ஒரே தீனி. ஸ்லைடு போட்டுப் பார்த்தா ரேக்கோட மேல் தட்டு எலிக்கு மட்டும் ரெட்டினா (விழித்திரை) மெலிஞ்சிருக்கு. நாங்க குடுக்குற மருந்தாலயா?

மருந்து மேல பழி போடறதுக்கு முன்னாடி வெளிச்சத்தை அளக்குற லக்ஸ் மீட்டர் ஒண்ணை எடுத்து கூண்டுக்குள்ளயே வச்சு அளங்க. மேல் தட்டுதானே டியூப்லைட்டுக்கு பக்கத்துல இருக்கு? வெள்ளை எலிக்கு கண்ணுல மெலனின்ங்கிற கருப்பு நிறமி கிடையாது, வெளிச்சம் ஐரிஸ் வழியாவே ஊடுருவி உள்ள போயிடும். நல்ல எலி ரெட்டினால ஃபோட்டோரிசெப்டர், அதாவது வெளிச்சத்தைப் புடிக்கிற செல்லோட நியூக்ளியஸ் (கரு) ஊதா புள்ளியா பத்துப் பன்னெண்டு வரிசை அடுக்கி நிக்கும், அடி வாங்கினதுல மூணு நாலுதான் மிஞ்சும், நேர்ல பார்த்தா மனசு ஒரு மாதிரி ஆயிடும். 1966-லயே அமெரிக்காவுல பஃபலோங்கிற ஊர்ல வெர்னர் நோயல்ங்கிற விஞ்ஞானி இதைக் காட்டிட்டார், சாதாரண டியூப்லைட் வெளிச்சமே தொடர்ந்து பட்டா எலி கண்ணு போயிடும், உடம்பு சூடு ஏறியிருந்தா இன்னும் சீக்கிரம் போகும்னு. கூண்டு மட்டத்துல 130-லேருந்து 325 லக்ஸுக்குள்ள வைங்க, கூண்டுகளை தட்டு மாத்தி மாத்தி வைங்க.

கே: அப்போ இருட்டுலயே வளர்த்தா பத்திரம்தானே?

இல்லங்க, அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. மழை கம்மியான ஊர்ல கிடைக்கிற தண்ணியெல்லாம் புடிச்சு வைக்க பெரிசா ஒரு ஏரி வெட்டுவாங்கல்ல, ரெட்டினாவும் அதேதான் பண்ணுது. மங்கலான வெளிச்சத்துல வளர்ந்த எலிக்கு ராட் செல்லோட (மங்கல் வெளிச்சத்துல பார்க்க உதவுற செல்) வெளிப்பகுதி நீளமா இருக்கும், அதுல வெளிச்சத்தைப் புடிக்கிற ரொடாப்சின் புரதம் நிறைய சேர்ந்திருக்கும், பளிச்சுன்னு வெளிச்சத்துல வளர்ந்ததுக்கு ரெண்டுமே கம்மி. கடைசில ஒரு நாளைக்குப் புடிக்கிற ஃபோட்டான் (வெளிச்சத் துகள்) கணக்கு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வருது, 1980கள்ல பென், வில்லியம்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினது இது. இப்போ இருட்டு எலியை திடீர்னு வெளிச்சத்துல விட்டா? பெரிய ஏரி, பெரிய வெள்ளம், கரை உடைஞ்சிடும். ரொடாப்சின்தான் இதுல குத்தவாளின்னு எப்படித் தெரியும்னா, ஆர்பிஇ65-ங்கிற என்சைம் இல்லாத எலிக்கு ரொடாப்சின் திரும்ப உருவாகவே முடியாது, மத்த எலிக்கு கண்ணு போற அதே வெளிச்சத்துல அதுக்கு ஒண்ணுமே ஆகல. இன்னொண்ணு, அதே அளவு வெளிச்சம் பகல்ல பட்டா வர்ற சேதத்தைவிட நடுராத்திரி பட்டா சேதம் ஜாஸ்தி, அதனால ராத்திரி யாராச்சும் லைட்டை அணைக்க மறந்தாங்களான்னும் விசாரிங்க.

கே: அப்பாவுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (ரெட்டினா செல் கொஞ்சம் கொஞ்சமா சாகுற பரம்பரை நோய்). வெயில் படக்கூடாதா?

எந்த ஜீன்ல கோளாறுன்னு பொறுத்தது, முதல்ல ஜீன் டெஸ்ட் எடுங்க. ரொடாப்சின்லயே ஒரு வகை மாற்றம் இருக்கிற நாய்ங்களுக்கு, ரெட்டினாவை போட்டோ எடுக்குற அளவு வெளிச்சமே சேதம் பண்ணியிருக்கு. அதுக்காக அப்பாவை இருட்டு ரூம்ல உக்கார வைக்காதீங்க, வெளிய போறப்ப தொப்பி, நல்ல கூலிங்கிளாஸ் போதும். வைட்டமின் ஏ மாத்திரை மட்டும் சொந்தமா வாங்கிக் குடுக்காதீங்க, ஈரலைக் கெடுக்கும், சில ரெட்டினா நோய்ல கண்ணுக்கே ஆகாது.

கே: 2019 டிசம்பர் 26 கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிம் வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலையே?

தப்பிச்சீங்க, அவ்ளோதான். ஃபிலிம் கண்ணு கூசறதை மட்டும் குறைக்கும், அகச்சிவப்புக் கதிர் பாட்டுக்கு உள்ள போகும், மங்கலா தெரியறதால நீங்களும் ரொம்ப நேரம் பார்ப்பீங்க. ரெட்டினாவுக்கு வலி தெரியாது. அப்போ ஒண்ணும் இருக்காது, சில மணி நேரம் கழிச்சு எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி நடுவுல ஒரு கறை மாதிரி தெரியும், சிலருக்கு அது போகவே போகாது.

கே: ராத்திரி இருட்டுல போன் பார்த்தா ரெட்டினா எரிஞ்சிடுமா?

எரியாது. உச்சி வெயில் சூரியனோட பளபளப்பு சதுர மீட்டருக்கு நூறு கோடி கேண்டெலாவுக்கு மேல, உங்க போன் ஸ்கிரீன் சாதாரணமா சில நூறு. எலி பாவம் கூண்டுல மாட்டிக்கிட்டு நாள் முழுக்க வாங்குது, நீங்க ராத்திரி தூங்குறீங்க, கண்ணு பாப்பாவும் சுருங்குது. கெடுறது தூக்கம்தான், மெலனாப்சின்னு இன்னொரு புரதம் 480 நானோமீட்டர் நீல வெளிச்சத்தைப் புடிச்சு மூளைகிட்ட இன்னும் பொழுது சாயலைன்னு சொல்லிடும். கடைல நீல வெளிச்சத்தைத் தடுக்கிற ப்ளூ கட் கண்ணாடிக்கு எக்ஸ்ட்ரா காசு கேட்டா, ரெட்டினாவைக் காப்பாத்தறதுக்குன்னு நினைச்சு குடுக்காதீங்க.