வயலின் வாத்தியாரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, வயலின் கற்க ஆசைப்படுகிறாள். பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ஆகாசவாணியில் ‘ஏ’ கிரேடு கர்நாடகக் கலைஞர். மற்றவர் வெஸ்டர்ன் கற்றுத்தருகிறார், லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்தவர். ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறார், வயலினும் தானே தருவாராம். யாரிடம் சேர்ப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் எந்தச் சங்கீதம் என்று முடிவு செய்யுங்கள். வாத்தியம் ஒன்றுதான், ஆனால் வெஸ்டர்னில் ஜி-டி-ஏ-இ என்று தந்தி கூட்டி, தோளில் வைத்து வாசிப்பார்கள். கர்நாடக சங்கீதத்தில் சம்மணமிட்டு, வயலினின் நுனியிலுள்ள சுருள் தலையை வலது கணுக்காலருகில் ஊன்றி, ச-ப-ச-ப கூட்டுவார்கள். ஆரம்பத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். உங்கள் மகள் எதை முணுமுணுக்கிறாள் என்று பாருங்கள்.

வானொலி கிரேடு, அவர் நன்றாக வாசிப்பார் என்பதற்கு அத்தாட்சி. எட்டாம் கிரேடு என்பது டிப்ளமோவுக்கு முந்தைய மாணவர் தேர்வு. சொல்லித்தரத் தெரியுமா என்பதற்கு இரண்டுமே பதில் ஆகாது. யாரிடம், எத்தனை வருஷம் கற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். லால்குடி, பரூர் என்று வயலின் பாணி ஒன்றைச் சொன்னால் அது வெறும் பெருமை இல்லை. வில் போடுவதும் விரல் வைப்பதும் பாணிக்குப் பாணி மாறும், நடுவில் ஆசிரியரை மாற்றினால் கற்றதில் கொஞ்சம் மறக்க வேண்டிவரும்.

அப்புறம், ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள். அனுமதி மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம். இரண்டாம் வருஷ மாணவர் ஒருவரைக் கவனியுங்கள். ஜண்டை வரிசையில் (ஸ்வரங்கள் இரட்டையாக வரும் ஆரம்பப் பயிற்சி) ஸ்வரம் பிசகும்போது ஆசிரியர் என்ன செய்கிறார்? சிலர் தன் வயலினைச் சத்தமாக வாசித்துப் பிழையை மூடிவிடுவார்கள். நல்லவர் நிறுத்துவார். ‘தம்புராவைக் கேள்’ என்பார், விரலை மயிரிழை நகர்த்தச் சொல்லி, பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார். விரல் வைக்கும் இடம் காட்ட விரல் பலகையில் ஒட்டும் டேப் முதல் சில மாதங்களுக்குச் சரி. இரண்டாம் வருஷத்திலும் எல்லாப் பிள்ளைகளும் டேப்பைப் பார்த்தே வாசித்தால் அங்கே காது பழகவில்லை. என்னைக் கேட்டால், இந்த ஒரு மணி நேரம் எல்லாச் சான்றிதழ்களையும்விட அதிகம் சொல்லும்.

ஆறு மாத முன்பணம் வேண்டாம். மாதாமாதம் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். ஆசிரியர் வராத நாளுக்கு மாற்று வகுப்பு உண்டா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வயலின் விஷயம்: எட்டு வயதுக்குப் பெரும்பாலும் அரை அளவு பொருந்தும். வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டினால், முழங்கை லேசாக மடங்கியிருக்க, உள்ளங்கை சுருள் தலையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். ‘வளர்ந்துடுவா’ என்று முழு அளவு வாங்கினால் மணிக்கட்டு வளைந்தே பழகும். ஆசிரியர் விற்பதில் தப்பில்லை, ஆனால் அதே மாடலின் விலையைக் கடையில் விசாரியுங்கள். முக்கால் அளவுக்கு மாறும்போது இதைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா, என்ன விலைக்கு என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.