ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் சோவியத் யூனியன் ஆப்கானிஸ்தான்ல ஏன் 9 வருஷம் இருந்துச்சு? அவங்க நாட்டு மக்கள் எதிர்க்கலையா?

தெரிஞ்சேதான் போனாங்க. போறதுக்கு 9 மாசம் முன்னாடியே தெரியும். "ஏன் உடனே திரும்பல"ன்னு பேசுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லியாகணும், ஏன்னா சோவியத் தலைவர்கள் ஆப்கானிஸ்தான் எப்படிப்பட்ட நாடுன்னு புரியாம கால வச்சு மாட்டிக்கிட்டாங்கன்னுதான் நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. சோவியத் யூனியன் கலைஞ்சதுக்கப்புறம் அந்தக் கால பொலிட்பீரோ (சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியோட உச்சக் குழு) கூட்டக் குறிப்புகள் வெளிய வந்துடுச்சு, அதைப் படிச்சவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. எனக்கு அதைப் படிச்சப்போ வயிறு எரிஞ்சது.

முன்கதை சுருக்கமா. 1978 ஏப்ரல்ல காபூல்ல ஆப்கான் கம்யூனிஸ்டுகள், ராணுவத்துல இருந்த தங்களோட ஆளுங்கள வச்சு ஆட்சியப் பிடிச்சாங்க, அதிபர் தாவூத் கானைக் குடும்பத்தோட கொன்னாங்க. நூர் முகமது தராக்கி தலைவர், அவருக்கு அடுத்த ஆள் ஹபிசுல்லா அமீன். நிலச் சீர்திருத்தம், பொண்ணுங்களுக்குப் படிப்புன்னு கொண்டு வந்ததெல்லாம் தேவையானதுதான், ஆனா கிராமத்து ஜனங்கள ஒரு வார்த்தை கேக்காம, எதிர்த்துப் பேசினவங்கள புல்-இ-சர்க்கி ஜெயில்ல போட்டு சுட்டுத் தள்ளி எந்த சீர்திருத்தத்தைச் செய்ய முடியும்? 1979 மார்ச்ல ஹெராத் நகரத்துல பெரிய கிளர்ச்சி வெடிச்சது, அங்க இருந்த ராணுவ டிவிஷனே கிளர்ச்சிக்காரங்க பக்கம் சாஞ்சிடுச்சு. தராக்கி பயந்து போய் மாஸ்கோகிட்ட படை கேட்டாரு.

அப்போ சோவியத் பிரதமர் கோசிகின். அவரும் தராக்கியும் 1979 மார்ச் 18 அன்னைக்கு போன்ல பேசினது முழுசா பதிவாகி இருக்கு. கோசிகின் கேக்குறாரு, மக்கள் ஆதரவு எப்படி இருக்குன்னு. தராக்கி, மக்கள்கிட்ட ஆதரவே இல்லைங்கற மாதிரி பதில் சொல்றாரு. சரி, ஹெராத்ல தொழிலாளர்கள் எத்தனை பேருன்னு கேட்டா ஆயிரம் ரெண்டாயிரம்ங்கறாரு. எங்ககிட்ட பயிற்சி எடுத்த உங்க அதிகாரிகள்லாம் எங்கன்னு கேட்டா, அவங்கள்ல முக்கால்வாசிப் பேரை நம்ப முடியாதுங்கறாரு. கடைசியா தராக்கி ஒரு யோசனை சொல்றாரு: உங்க டேங்க்ல எங்க நாட்டுச் சின்னத்த வரைஞ்சு அனுப்புங்க, தாஜிக், உஸ்பெக், துர்க்மென் வீரர்களுக்கு எங்க யூனிஃபார்ம் போட்டு அனுப்புங்க, யாருக்கும் தெரியாதுன்னு. அதுக்கு கோசிகின், ரெண்டு மணி நேரத்துல உலகத்துக்கே தெரிஞ்சு போயிடும்னு மறுத்துட்டாரு.

அதே வாரம் பொலிட்பீரோ கூடிப் பேசுது. முதல் நாள் ஆப்கானிஸ்தான எப்படியும் கைவிடக்கூடாதுன்னு பேசினவங்க ரெண்டே நாள்ல தெளிஞ்சு, படை வேண்டாம்ங்கற முடிவுக்கு வர்றாங்க. சோவியத் உளவு அமைப்பான கேஜிபியோட தலைவர் ஆந்த்ரோபோவ் என்ன சொன்னாருன்னா, அது படிப்பறிவு கம்மியான கிராமப்புற நாடு, மதம் ரொம்ப ஆழமா ஊறியிருக்கு, அங்க புரட்சிய நம்ம துப்பாக்கி முனையில வேணா நிக்க வைக்கலாம், அதை நாம செய்யக்கூடாதுன்னு. வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ இன்னும் தெளிவா, நம்ம ராணுவம் போனா யாரை எதிர்த்து சண்டை போடும், முதல்ல ஆப்கான் மக்களத்தான், அவங்களத்தான் சுட வேண்டி வரும்னு சொன்னாரு. அப்புறம் தராக்கியை மாஸ்கோவுக்கே வரவழைச்சு கோசிகின் நேரா சொல்லிட்டாரு, ஆயுதம் தர்றோம், கோதுமை தர்றோம், உங்க எரிவாயுக்குக் கூடுதல் விலை தர்றோம், ஆலோசகர்கள் இருப்பாங்க, ஆனா படை கிடையாதுன்னு.

இவ்வளவும் புரிஞ்ச அதே ஆளுங்கதான் டிசம்பர்ல படைய அனுப்பினாங்க. எனக்கு இந்தப் போர்ல தாங்கிக்கவே முடியாத விஷயம் இதுதான். நடுவுல நடந்தது என்னன்னா, செப்டம்பர்ல அமீன் தராக்கியைக் கவுத்துட்டாரு, அக்டோபர்ல தலையணையால அமுக்கிக் கொன்னாங்க. சில வாரம் முன்னாடிதான் தராக்கியை மாஸ்கோவுல கட்டிப்பிடிச்சு வழியனுப்பின சோவியத் தலைவர் பிரெஷ்னெவுக்கு அது தன்னையே அவமானப்படுத்தின மாதிரி ஆயிடுச்சு. அமீன் அமெரிக்கா பக்கம் போயிடுவாரோன்னு கேஜிபிக்கு சந்தேகம். அந்த டிசம்பர் 12-லதான் அமெரிக்கா தலைமையிலான நேட்டோ கூட்டணி நாடுகள் ஐரோப்பாவுல புது அமெரிக்க ஏவுகணைகள வைக்க முடிவெடுத்தது, அதனால இனி மேற்கு நாடுகளோட உறவு கெட்டுப் போறதுக்கு மிச்சம் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சு. அன்னைக்கே மாஸ்கோவுலயும் படை அனுப்ப முடிவு எடுத்தாங்க. ஆந்த்ரோபோவ், குரோமிக்கோ, பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவ் மூணு பேரும் சேர்ந்து, உடம்பு முடியாம இருந்த பிரெஷ்னெவ சம்மதிக்க வச்சு, பொலிட்பீரோ உறுப்பினர் செர்னென்கோ கையால எழுதின ஒரு சின்னக் குறிப்புல எல்லாரும் கையெழுத்துப் போட்டு விஷயத்த முடிச்சாங்க. அதுல நாட்டோட பேரைக்கூட எழுதல, ஒரே ஒரு எழுத்துதான். கோசிகின் அந்தக் கூட்டத்துல இல்ல. முப்படைத் தளபதி ஒகார்கோவ் வேண்டாம்னு எடுத்துச் சொல்லியும் எடுபடல.

டிசம்பர் 25 படை எல்லையில ஓடுற ஆமு தரியா ஆத்தைத் தாண்டுச்சு. 27-ஆம் தேதி காபூல்ல தாஜ்பெக் அரண்மனையில அமீனைக் கொன்னாங்க. அன்னைக்கு மத்தியானமே கேஜிபி ஆள் ஒருத்தர் சாப்பாட்டுல விஷம் வச்சுட்டாரு, விஷயம் தெரியாத சோவியத் டாக்டர்கள் ஓடி வந்து அமீனைப் பொழைக்க வச்சாங்க, ராத்திரி சோவியத் கமாண்டோக்களே வந்து சுட்டாங்க, அந்தக் குழப்பத்துல காப்பாத்தின டாக்டர்ல ஒருத்தரும் செத்துப் போனாரு. அமீன் கடைசி நிமிஷம் வரைக்கும் சோவியத் படை தனக்கு உதவி செய்ய வந்திருக்குன்னுதான் நம்பிட்டு இருந்திருக்காரு.

எங்க அப்பா பழைய இடதுசாரி, தொழிற்சங்கத்துல இருந்தவரு. சோவியத் பத்திரிகை அப்பெல்லாம் தமிழ்லயே வழுவழுன்னு வரும், எங்க நோட்டுக்கெல்லாம் அதுதான் அட்டை. ஆப்கான் பத்தி அப்பாவோட நிறைய சண்டை போட்டிருக்கேன். "அந்த நாட்டு அரசாங்கம் கூப்பிட்டுது, போனாங்க"ம்பாரு. கூப்பிட்ட அரசாங்கத்தோட தலைவரையே போன மூணாவது நாள் கொன்னுட்டு அழைப்புன்னு எப்படிப்பா சொல்றதுன்னு நான் கேப்பேன். அவரு மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா அமெரிக்கா வியட்நாம்ல செஞ்சது தப்புன்னு ஊர்வலம் போனவரு இதுக்கும் போயிருக்கணும்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

இந்திய அரசும் அப்படித்தான் நடந்துச்சு. 1980 ஜனவரில ஐநா பொதுச்சபைல 104 நாடுங்க இதைக் கண்டிச்சு ஓட்டுப் போட்டப்போ இந்தியா ஓட்டுப் போடாம ஒதுங்கிடுச்சு. அந்த வருஷம் மாஸ்கோ ஒலிம்பிக்ஸ அமெரிக்கா உட்பட பல நாடுகள் புறக்கணிச்சது, நம்ம சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் கேப்டனா இருந்து ஹாக்கில தங்கம் ஜெயிச்சது அந்த ஒலிம்பிக்ஸ்லதான், பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஹாலந்து, ஆஸ்திரேலியா டீம் எதுவும் வரல. ஃபைனல்ல ஸ்பெயினை 4-3ன்னு ஜெயிச்ச அந்த ஆட்டத்தோட மதிப்ப நான் குறைக்கல, எந்தப் போரோட நிழல்ல அது நடந்துச்சுன்னும் நமக்குத் தெரியணும்.

சரி, ஏன் திரும்பல. போனப்போ பிளான் என்னன்னா, அமீன் இடத்துல இன்னொரு ஆப்கான் கம்யூனிஸ்ட் தலைவர் பப்ரக் கர்மாலை உக்கார வச்சு, பெரிய ஊர்கள்லயும் ரோட்லயும் காவலுக்கு நின்னா போதும், சண்டைய ஆப்கான் ராணுவம் பாத்துக்கும், சீக்கிரமா திரும்பிடலாம்னு. ஆனா வெளிநாட்டு டேங்க்கோட வந்த ஆளை யாரு மதிப்பாங்க? ஆப்கான் ராணுவத்துல இருந்து ஆள் கூட்டம் கூட்டமா ஓடினாங்க. 1 லட்சம் சோவியத் வீரர்களுக்கு மேல இருந்தும் ராத்திரியானா கிராமங்கள் முஜாஹிதீன் (அரசையும் சோவியத்தையும் எதிர்த்த ஆப்கான் போராளிகள்) கைலதான். பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்குல அவங்க தளபதி அஹ்மத் ஷா மசூத் மேல திரும்பத் திரும்பப் படையெடுத்தாங்க, உள்ள போவாங்க, ஊர் காலியா இருக்கும், விட்டுட்டு வந்ததும் அவங்க திரும்பி வந்துடுவாங்க, ஒரு கட்டத்துல அவரோட தனியா சண்டை நிறுத்தமே போட வேண்டி வந்துச்சு. 1986 நவம்பர்ல அக்ரமேயெவ் (அப்போ அவருதான் முப்படைத் தளபதி) பொலிட்பீரோகிட்ட சொன்னது: அந்த நாட்டுல சோவியத் வீரன் கால் வைக்காத இடம் கிட்டத்தட்ட இல்ல, ஆனாலும் பெரும்பகுதி நிலம் எதிரிங்க கைலதான் இருக்குன்னு.

மக்கள் எதிர்க்கலையான்னு கேட்டீங்க. எதிர்க்கறதுக்கு முதல்ல தெரியணுமே. டிவில எப்பவும் நம்ம பசங்க பள்ளிக்கூடம் கட்டுறாங்க, மரம் நடுறாங்க, இதான் காட்டுவாங்க. வீட்டுக்கு துத்தநாகச் சவப்பெட்டி வரும், சீல் வச்சிருக்கும், பெத்த தாயே திறந்து பாக்க முடியாது, கல்லறைக் கல்லுல ஆப்கானிஸ்தான்ல செத்தான்னு எழுத விடமாட்டாங்க. பத்தொன்பது இருபது வயசு கட்டாய ராணுவ சேவைப் பசங்க அவங்க. குண்டுல செத்தவங்க ஒரு பக்கம்னா, மஞ்சக்காமாலை, டைஃபாய்டுன்னு நோய்ல விழுந்தவங்க மட்டும் 4 லட்சத்துக்கு மேல, மொத்தமா அங்க போனவங்களே சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம்தான். குடிக்க நல்ல தண்ணிகூட ஒழுங்கா குடுக்காத ஒரு வல்லரசு அது. வெளிப்படையா எதிர்த்த சகாரோவ், அவங்க நாட்டோட பெரிய விஞ்ஞானி, நோபல் பரிசு வாங்கினவரு, அவரை 1980 ஜனவரில விசாரணையே இல்லாம கோர்க்கி நகரத்துக்கு நாடு கடத்துற மாதிரி அனுப்பி கிட்டத்தட்ட 7 வருஷம் அங்கயே வச்சிருந்தாங்க.

அப்படியும் அம்மாக்கள் லெட்டர் எழுதினாங்க. கட்சிக்கு, பத்திரிகைக்கு, சொந்தப் பேரைப் போட்டே எழுதினாங்க, என் பையன் யாருக்காக செத்தான், அந்த ஊர் ஜனங்களே நம்மள வேண்டாங்கறாங்களேன்னு. 1985 அக்டோபர்ல புது சோவியத் தலைவர் கோர்பசேவ் அந்த லெட்டர்கள பொலிட்பீரோ கூட்டத்துலயே படிச்சுக் காட்டி, வெளிய வர்ற வேலைய ஆரம்பிக்கணும்னு சொன்னாரு. அமெரிக்கா குடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைதான் சோவியத்தைத் துரத்துச்சுன்னு இங்க பல பதில்ல பாக்குறேன், அது களத்துக்கு வந்ததே 1986 செப்டம்பர்ல, மாஸ்கோவுல மனசு மாறினது அதுக்கு முந்தின வருஷமே.

ஆனா மனசு மாறியும் கடைசி வீரன் எல்லைப் பாலத்தைத் தாண்டி வெளிய வந்தது 1989 பிப்ரவரி 15. மூணு வருஷத்துக்கு மேல எதுக்கு? தோத்து ஓடின மாதிரி தெரியக்கூடாது, நாம போன மறுநாளே காபூல் விழுந்துடக்கூடாது, மத்த நட்பு நாடுங்க நம்மள நம்பாம போயிடக்கூடாது, இதுக்குத்தான். போர்ல செத்த சுமார் 15 ஆயிரம் சோவியத் வீரர்கள்ல ஏறத்தாழ 5 ஆயிரம் பேர் செத்தது 1985-க்கு அப்புறம், அந்த வருஷத்தையும் சேர்த்து. போர் வீண்னு தலைவருக்கே தெரிஞ்ச பின்னாடி மானத்தைக் காப்பாத்த செத்தவங்க அவங்கள்ல பல பேரு. ஆப்கான் பக்கம் செத்தவங்களுக்கு ஒழுங்கான கணக்கே கிடையாது, 5 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும் சொல்றாங்க, 50 லட்சத்துக்கு மேல அகதியா பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் போனாங்க. இந்த வித்தியாசத்த நினைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் தலையெண்ணி கணக்கு இருக்கு, இன்னொரு பக்கம் 15 லட்சம் உசுரு கூடவா குறையவான்னு இன்னும் யாருக்கும் தெரியல.

1989 டிசம்பர்ல சோவியத் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸ் கூடி, படை அனுப்பினது அரசியல் ரீதியாவும் தார்மீக ரீதியாவும் கண்டிக்கத்தக்கதுன்னு தீர்மானம் போட்டாங்க. அப்போ முடிவெடுத்த பிரெஷ்னெவ், ஆந்த்ரோபோவ், உஸ்தினோவ், குரோமிக்கோ நாலு பேருமே உயிரோட இல்ல, பதில் சொல்ல ஆளே இல்ல.

கமெண்ட்ல ஒருத்தர், படை போகலன்னா அந்த அரசு அப்பவே விழுந்திருக்கும்னு எழுதியிருந்தாரு. படை வெளிய வந்ததுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாருங்க. கர்மாலுக்கு அப்புறம் வந்த நஜிபுல்லாவோட அரசு சில வாரத்துல கவுந்துடும்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க, ஆனா ஜலாலாபாத்ல முஜாஹிதீன் நடத்தின பெரிய தாக்குதலையே முறியடிச்சு 3 வருஷம் நின்னுச்சு, சோவியத் படை இல்லாம, சோவியத் ஆயுதமும் கோதுமையும் எண்ணெயும் மட்டும் வச்சு. அந்த உதவி நின்னுபோனதும் 1992 ஏப்ரல்ல அரசு விழுந்துச்சு. தராக்கிகிட்ட கோசிகின் 1979 மார்ச்ல குடுக்கறேன்னு சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.