இரண்டே நீதிபதிகளைக் கொண்ட சான்சரி மேல்முறையீட்டு மன்றம்: கேள்வி பதில்

லண்டனில் 1851 முதல் 1875 வரை இயங்கிய சான்சரி மேல்முறையீட்டு மன்றம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஈக்விட்டி என்பது, பொதுச் சட்டத்தின் கடுமையை நியாய உணர்வோடு ஈடுசெய்ய வளர்ந்த விதிகள்; அவற்றை நடத்திய நீதிமன்றம்தான் சான்சரி. ஈக்விட்டி பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்பதால், இந்த மன்றத்தின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஐயா, ஈக்விட்டி வழக்குகளுக்கு மட்டும் தனி மேல்முறையீட்டு மன்றம் எதற்கு?

அன்றைய இங்கிலாந்தில் நீதிக்கு இரண்டு வாசல்கள். கடன் பாக்கி, நஷ்டஈடு என்றால் பொதுச் சட்ட மன்றங்கள். டிரஸ்ட் சொத்து (ஒருவர் நன்மைக்காக டிரஸ்டி என்ற இன்னொருவர் பொறுப்பில் வைக்கும் சொத்து), அடமான மீட்பு, தடை உத்தரவு என்றால் சான்சரி. சான்சரியில் கீழ் நீதிபதிகளின் தீர்ப்பை எதிர்த்தால் வழக்கு சான்சரியின் தலைவரான லார்டு சான்சலரிடம் போகும். அவரோ அமைச்சரவை உறுப்பினர். நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையிலும் தலைமை தாங்க வேண்டும். ஆட்சி மாறினால் பதவியும் போய்விடும். எல்டன் பிரபு 1801 தொடங்கி, நடுவில் ஓராண்டு போக, 1827 வரை சான்சலராக இருந்தார். ஆழ்ந்த சட்ட அறிவு கொண்டவர். ஆனால் தீர்ப்பைத் தள்ளித் தள்ளி வைப்பார். காத்திருந்த குடும்பங்களின் சொத்து வழக்குச் செலவிலேயே கரைந்தது. அவர் தீர்ப்பு பிடிக்காமல் பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு செய்தால், அங்கும் பெரும்பாலும் அவரே அமர்ந்திருப்பார். இதை எந்த வழக்காடி பொறுப்பார்?

1851இல் என்ன மாறியது?

ட்ரூரோ பிரபு சான்சலராக இருந்தபோது ஒரு சட்டம் வந்தது. அதன்படி இரண்டு 'லார்டு ஜஸ்டிஸ்' நியமிக்கப்பட்டார்கள்: சர் ஜேம்ஸ் நைட் புரூஸ், கிரான்வொர்த் பிரபு. சான்சலர் வந்தால் மூவராக, வராவிட்டால் இருவராகவே வழக்கை முடிக்கலாம். கிரான்வொர்த் சான்சலராகிவிட, 1853இல் சர் ஜார்ஜ் டர்னர் வந்தார். நைட் புரூஸ் சட்டென்று முடிவுக்கு வருபவர். டர்னர் ஒவ்வொரு நூலிழையாகப் பிரித்துப் பார்ப்பவர். 1866 வரை இந்த ஜோடி சேர்ந்து உட்கார்ந்ததுதான் அந்த மன்றத்தின் பொற்காலம் என்பேன்.

இருவரும் முரண்பட்டால்?

கீழ்த் தீர்ப்பு அப்படியே நிற்கும்.

சட்ட மாணவன் ஒரே ஒரு தீர்ப்பைப் படிக்க நேரமுண்டு என்றால் எதைச் சொல்வீர்கள்?

மில்ராய் எதிர் லார்டு, 1862. தயங்காமல் சொல்வேன்.

தாமஸ் மெட்லி என்பவரிடம் லூசியானா வங்கியின் 50 பங்குகள் இருந்தன. எலினார் என்ற பெண்ணின் நன்மைக்காக அவற்றை சாமுவேல் லார்டிடம் ஒப்படைப்பதாகப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார். பங்குச் சான்றிதழ்கள் கைமாறின. பெயர் மாற்றுவதற்கான அதிகாரப் பத்திரமும் லார்டிடம் இருந்தது. ஆனால் வங்கிப் பேரேட்டில் பெயர் மாற்றினால்தான் பங்கு சட்டப்படி கைமாறும். அதை மட்டும் யாரும் செய்யவில்லை. மெட்லி இறந்துவிட்டார்.

எலினாருக்குப் பங்கு கிடைக்கவில்லை. கொடுக்க நினைத்தவர், அந்தச் சொத்து எந்த வழியில் கைமாறுமோ அந்த வழியில் தன்னால் ஆனதையெல்லாம் செய்திருக்க வேண்டும். அரைகுறையாக நின்ற தானத்தை ஈக்விட்டி முடித்துக் கொடுக்காது என்றார் டர்னர். பத்திரம், கையெழுத்து, நல்லெண்ணம் எல்லாம் இருந்தும், பேரேட்டில் ஒரு வரி இல்லை. எனக்கு இன்றும் எலினார் மேல் இரக்கம் வருகிறது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். கொடுக்கிறேன் என்று சொன்னதையெல்லாம் டிரஸ்ட் ஆக்கினால் எந்தச் சொத்தும் யார் கையிலும் நிலைக்காது. நம் 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவும், டிரஸ்டியிடம் சொத்தை மாற்றித் தர வேண்டும் என்றே கேட்கிறது. உயில் வழியாக ஏற்படுத்துவதும், தானே டிரஸ்டியாக இருப்பதும் மட்டும் விலக்கு.

ஏன் மூடிவிட்டார்கள்?

தோற்றுப்போய் மூடவில்லை. இரட்டை வாசலே வேண்டாம் என்று 1873, 1875ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டங்கள் பொதுச் சட்டத்தையும் ஈக்விட்டியையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தன. 1875 நவம்பர் 1 முதல் புதிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்தது. கடைசி இருவரான ஜேம்ஸும் மெல்லிஷும் அங்கே போனார்கள். அங்குள்ள நீதிபதிகளை இன்றும் 'லார்டு ஜஸ்டிஸ்' என்றே அழைக்கிறார்கள்.

நான் சிவகங்கைக்காரன். நம் ஊர் வழக்கு ஏதாவது அங்கே போனதா?

அந்த மன்றத்துக்குப் போகவில்லை. சென்னையிலிருந்து மேல்முறையீடு, இந்தியா போன்ற ஆட்சிப்பகுதிகளின் வழக்குகளைக் கேட்ட லண்டன் மன்றமான பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகும். ஆனால் டர்னர் அங்கும் அமர்வார். உங்கள் சிவகங்கை ஜமீன் வழக்கில் 1863இல் தீர்ப்பு வாசித்தவர் அவர்தான். 1801இல் ஜமீன் பெற்ற கௌரி வல்லபத் தேவர் 1829இல் இறந்ததும், அண்ணன் வழியினர் அதை எடுத்துக்கொண்டார்கள். மகள் காத்தம நாச்சியார் விடாமல் வழக்காடினார். கூட்டுக் குடும்பமே ஆனாலும், கௌரி வல்லபத் தேவர் தாமாகச் சம்பாதித்த சொத்து அண்ணன் வாரிசுக்கல்ல, விதவைக்கும் பின் மகளுக்கும்தான் என்றார் டர்னர். மில்ராய் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, அதே மனிதர்.