ஜோடியை மீன்தான் முடிவு செய்யும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். பைக் சிக்லிட் என்ற தென்னமெரிக்கத் தொட்டி மீன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து ஆசைப்பட்டு, சென்னைக்குப் போய் அதில் ரெகானி என்ற குள்ள இனத்து மீன் இரண்டு வாங்கி வந்தேன். ஜோடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பெண் மீன் வால் கிழிந்து, ஃபில்டருக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதுதான் காரணமா? மீதி இருக்கும் ஆணை ஊரணியில் விட்டுவிடலாமா? இதைக் கிரெனிசிக்லா என்றும் வல்லாசியா என்றும் எழுதுகிறார்களே, எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஊரணியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜிலேபி மீனை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் பக்கத்துக் கண்மாய்களில் வலை போட்டால் அதுதான் அள்ள அள்ள வருகிறது. அதுவும் சிக்லிட் குடும்பம்தான். தென்னமெரிக்க மீன் தொட்டியிலேயே இருக்கட்டும்.

பெண் மீன் செத்ததற்குத் தண்ணீர் காரணம் இல்லை. ஆணும் பெண்ணுமாக இரண்டைப் பிடித்து ஒரு தொட்டியில் போட்டால் ஜோடி ஆகிவிடாது. இந்த மீன் தனக்கான இடத்தை விட்டுக்கொடுக்காது. பிடிக்காத துணை அதன் கண்ணுக்கு எதிரிதான். ஆற்றில் என்றால் தோற்றது ஓடித் தப்பிக்கும். மூன்றடித் தொட்டியில் எங்கே ஓடும்? எனக்கும் முதல் முறை இதேதான் நடந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் சுண்டுவிரல் நீளத்தில் ஆறு குஞ்சுகள் வாங்கி நாலடித் தொட்டியில் விட்டேன். கல், வேர்க்கட்டை, உடைந்த மண்குழாய் என்று ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி அடைத்து வைத்தேன். எட்டு மாதம் ஆனது. ஒரு நாள் காலையில் இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நாலையும் விரட்டின. அந்த நாலையும் அன்றே வேறு தொட்டிக்கு மாற்றினேன். பெண்ணின் வயிற்றில் ரோஜா நிறம் ஏறியிருந்தது, முதுகுத் துடுப்பில் வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளி பளிச்சென்று தெரிந்தது. ஆணுக்கு முன்னால் வில்லாக வளைந்து நின்று, வயிற்றைக் காட்டி உடம்பெல்லாம் நடுங்கியது. இந்த இனத்தில் பெண்தான் முதலில் அழைக்கும். முட்டைகள் குழாயின் உள்கூரையில் நூலிழையில் தொங்குவது போல் ஒட்டியிருந்தன. மூன்றாம் நாள் பொரிந்தன. அடுத்த ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்தன. நம் ஊரணியில் விரால் தன் குஞ்சுக்கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே காவல்தான். அன்றைக்குப் பொரித்த ஆர்ட்டிமியா என்ற பொடி உப்புநீர் இறாலைக் குஞ்சுகளுக்குக் கொடுங்கள். வளர வளர அளவு வாரியாகப் பிரியுங்கள், இல்லையென்றால் பெரியது சின்னதைத் தின்றுவிடும்.

உப்புத் தண்ணீர் இடிக்கிற இடம் முட்டை. ரெகானியின் பூர்வீகம் அமேசான் படுகையின் மென்மையான தண்ணீர். கடின நீரில் மீன் சமாளித்துவிடும், முட்டை பூஞ்சை பிடித்துவிடும். இதற்கு வெளியே அலைய வேண்டாம். வளவு வீடுகளில் முற்றத்து மழைநீரைப் பிடித்து வைப்பது நமக்குப் பழக்கம்தானே! முதல் மழையை ஓட விட்டு, ஓடு நன்றாகக் கழுவப்பட்ட பிறகு பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். செம்பு அண்டா வேண்டவே வேண்டாம். நமக்கு நல்லதாக இருக்கும் செம்பு மீனுக்கு விஷம். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து, காய்ந்த நாட்டு வாதாம் இலை இரண்டு போடுகிறேன். தண்ணீர் வெளிர் தேநீர் நிறத்துக்கு வரும்.

பெயர் விஷயம் சின்னதுதான். 2023-இல் பைக் சிக்லிட்களைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். குள்ள இனங்கள் வல்லாசியா ஆயின. கடையில் இன்னும் பழைய பெயர்தான், இரண்டும் ஒரே மீன். வல்லாசியா என்பது இங்கிலாந்து இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸின் பெயரால் வந்தது. 1852-இல் அமேசானிலிருந்து அவர் ஊர் திரும்பிய கப்பல் நடுக்கடலில் எரிந்து, கூடக் கொண்டு வந்த சேகரிப்பு போய்விட்டது. அங்குள்ள ரியோ நீக்ரோ ஆற்று மீன்களை அவர் வரைந்த படங்கள் தப்பின. தொட்டி முன் உட்காரும்போது எனக்கு அந்தப் படங்கள் நினைவுக்கு வரும்.

விட்டுவிடாதீர்கள் தம்பி. அந்த ஆணைத் தனித் தொட்டியில் வைத்து, மண்புழுவும் சின்ன இறாலும் கொடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், நன்றாகக் குதிக்கும். குஞ்சுகள் ஆறு வாங்கினால் அவற்றோடு இதைச் சேர்க்காதீர்கள். ஐப்பசி பிறப்பதற்குள் டிரம்மைக் கழுவி வையுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து அண்ணன்