தொடைத் தோலில் புதுத் தொண்டை: அப்பாவால் மறுபடி சாப்பிட முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. தொண்டையின் அடிப்பகுதியில் புற்றுநோய். ரேடியேஷன் கொடுத்தும் திரும்ப வந்துவிட்டது. குரல்வளையோடு தொண்டையையும் எடுத்துவிட்டு, தொடைத் தோலில் குழாய் செய்து வைப்பதாகச் சொல்கிறார்கள். தொடைத் தோல் எதற்கு? அதன்பின் வாயால் சாப்பிட முடியுமா?

பதில்: பெரும்பாலானோர் வாயால் சாப்பிடும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சாதம், இட்லி. ஆனால் அதற்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

தொடையிலிருந்து எடுப்பது வெறும் தோல் அல்ல. தோல், கொழுப்பு, அவற்றுக்கு ரத்தம் தரும் தமனி, சிரை எல்லாம் சேர்ந்த துண்டு. 9 முதல் 10 செ.மீ. அகலத்தில் எடுத்து, தோல் உட்பக்கம் வரும்படி சுருட்டித் தைத்தால் ஏறத்தாழ 3 செ.மீ. விட்டத்தில் குழாய் கிடைக்கும். 2, 3 மி.மீ. அளவே உள்ள அதன் ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்துக் கழுத்து ரத்தக்குழாய்களோடு தைப்பார்கள். ரேடியேஷன் பட்ட கழுத்தில் ரத்த ஓட்டம் குறைவு, தையல் எளிதில் ஆறாது. அதனால்தான் சொந்த ரத்தக்குழாயோடு வரும் திசு வேண்டியிருக்கிறது.

முதல் 3 நாள் முக்கியம். அந்தச் சின்ன ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தால் குழாய் முழுவதும் அழுகிவிடும். வைத்த தோல் வெளுத்துக் குளிர்ந்தால் தமனியில் அடைப்பு. நீலம் பாய்ந்து வீங்கினால் சிரையில் அடைப்பு. செவிலியர்கள் மணிக்கொரு முறை பார்ப்பது இதற்குத்தான். சில மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து சரிசெய்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு. அப்பா புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்; நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

அடுத்த கவலை எச்சில் கசிவு. ஒரு வாரத்தை ஒட்டிக் காய்ச்சல், கழுத்தில் சிவப்பு, வீக்கம், துர்நாற்றம் தெரிந்தால் தையல் விட்டிருக்கலாம். தையல் ஆறும்வரை மூக்குக்குழாய் வழியே மட்டும் உணவு. ரேடியேஷன் பெற்றவருக்கு 2, 3 வாரம் கழித்து, மருந்து விழுங்க வைத்து எக்ஸ்ரே எடுத்துக் கசிவில்லை என்று உறுதியான பிறகே வாய்க்கு ஏதும் தருவார்கள். ஆசையாகக் கேட்கிறாரே என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

மாதங்கள் கழித்து விழுங்குவது சிரமமானால், புதுக் குழாய் உணவுக்குழாயோடு சேரும் கீழ் இணைப்பு சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி மூலம் விரிக்கலாம். சிலருக்குப் பலமுறை தேவைப்படும். அதே இடத்தில் நோய் திரும்பவில்லையா என்றும் பார்க்க வேண்டும். தைராய்டையும் எடுத்திருந்தால் உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது கால்சியம் குறைந்ததன் அறிகுறி, உடனே சொல்லுங்கள்.

குரல்வளையை எடுத்தபின் அவர் மூச்சுவிடுவது கழுத்தில் வைக்கும் துளை வழியாக மட்டுமே. அவசரத்தில் ஆக்சிஜன் வைப்பதானால் மூக்கில் அல்ல, அந்தத் துளையில்தான் வைக்க வேண்டும். இதை எழுதி அவர் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருங்கள்.